தராசு முள் சாய்ந்த ஞாயிற்றுக்கிழமை

பதினெட்டு வருஷமாகப் பட்டிமன்றம் பேசுகிறேன். பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாள் பேரிங், நட்டு, போல்ட்டு. ஏழாம் நாள் மைக். மாமியாரா மருமகளா, கணவனா மனைவியா, பிறந்த வீடா புகுந்த வீடா என்று நான் பேசாத வீட்டுச் சண்டை கொங்கு நாட்டில் பாக்கி இல்லை. ஜனங்களைச் சிரிக்கவைக்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். போவேன், சிரிக்கவைப்பேன், போர்த்திய பொன்னாடையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைதான்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. தோற்றதும் இல்லை. காரணம் எங்கள் நடுவர். கோயமுத்தூரில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர், வெண்கலக் குரல். ஆனால் அவர் வாயிலிருந்து தீர்ப்பு என்று ஒன்றை யாரும் வாங்கியது கிடையாது. கடைசியில் வலது கை ஆள்காட்டி விரலை நெட்டுக்குத்தாக நிமிர்த்துவார். "தராசு முள் நடுவில் நிற்கிறது" என்பார். கூட்டம் கைதட்டும். விரலைத் தூக்குவதற்கு முன்பே தட்டுகிற ரசிகர்களும் உண்டு. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, அடுத்த வருஷமும் அதே ஊரில் கூப்பிடுவார்கள்.

எனக்கு மட்டும் அந்த விரலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஏன் என்பது பிறகு. ஒரே ஒரு நாளாவது அந்த விரல் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டும், அதை நான் மேடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

உக்ரைன் போர் தொடங்கி இரண்டு வருஷம் தாண்டியிருந்த சமயம். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. அவர்களுடைய வாட்ஸப் குழுவில் அந்தப் போரைப் பற்றிப் பேசப் போய் ரகளையாகிவிட்டது. ரஷ்யா செய்தது சரியே இல்லை என்று ஒரு கட்சி, மேற்கு நாடுகள் தூண்டிவிட்டுத்தான் ரஷ்யா செய்தது என்று ஒரு கட்சி. பல் மருத்துவர் ஒருவரும் அவருடைய மச்சானும் இதில் முகம் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்களாம். கடைசியில் செயலாளர் எங்கள் நடுவருக்கு போன் செய்து, ஆண்டு விழாவுக்கு வந்து நீங்களே ஒரு முடிவு சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். முடிவு சொல்ல அவர் பிடித்த ஆளைப் பாருங்கள்.

மேற்கு நாடுகள் மேல்தான் பொறுப்பு என்று பேச உடனே ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் உண்டு. சின்ன வயதில் வழவழ தாளில் வந்த ரஷ்யக் கதைப் புத்தகங்களை இன்னும் அட்டை போட்டு வைத்திருக்கிறவர். எதிர் அணிக்குத் தலைமை தாங்கத்தான் ஆள் இல்லை. நம் ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ரஷ்யா என்றால் ஒரு பாசம். கஷ்டகாலத்தில் கூட நின்ற நாடு என்பார்கள். அந்தக் கூட்டத்தின் முன் நின்று, முதல் குற்றவாளி படையெடுத்தவன்தான் என்று சொல்ல எவருக்கும் தைரியம் வரவில்லை. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி.

நான் பேசுகிறேன் என்றேன். நடுவர் போனிலேயே சிரித்தார்.

"அம்மணி, இது மாமியார் சமாச்சாரம் இல்லீங்களே."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சரக்கு வரவுச் சீட்டைக் கசக்கிவிட்டேன். அங்கேயே நிபந்தனை போட்டேன். நான் பேசும்போது கூட்டம் எழுந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டால், ஆயுசுக்கும் மாமியார் மருமகளைத் தாண்டி வேறு தலைப்பு கேட்க மாட்டேன். உட்கார்ந்து கேட்டார்கள் என்றால், நீங்கள் விரலை நடுவில் நிறுத்தக் கூடாது. யார் பக்கம் நியாயமோ அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், அது என் பக்கம் இல்லாவிட்டாலும் சரி. அவர் சரி சரி என்றார். பலூன் கேட்கிற குழந்தைக்குச் சொல்கிற சரி அது.

இரண்டு வாரம் படித்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸில், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ராத்திரி அடுப்படியில். கசக்கிய அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டேன். படிக்கப் படிக்கத்தான் சிக்கல் புரிந்தது. எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்றால் பேசுவது சுலபம். இங்கே இருந்தது. சோவியத் உடைந்தபோது கொடுத்த வாக்கு, கொடுக்காத வாக்கு, மேற்குநாட்டு ராணுவக் கூட்டணி கிழக்கே நகர்ந்துகொண்டே வந்தது, தங்களுக்கு வேண்டிய போதெல்லாம் பிறர் நாட்டுக்குள் நுழைந்தவர்களே இன்று நியாயம் பேசுவது. மாமியார் பட்டிமன்றத்தில் எனக்கு இந்தத் தொந்தரவு ஒரு நாளும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் ஒரே காரில் கிளம்பினோம். குன்னத்தூர் தாண்டியதும் நடுவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். ஐந்தாறு வரி. எழுதி, நாலாக மடித்து, பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டார். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இன்னும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் தராசு முள் நடுவில் நின்றுவிட்டது. கோபி வரும்வரை வாழைத்தோட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கமாகப் பட்டிமன்றம் சாயங்காலம் நடக்கும். இது ஆண்டு விழா என்பதால் காலை பத்தரைக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டோடு முடிகிற ஏற்பாடு. சமையல் கீழ்த்தளத்தில். கடைசிப் பேச்சு என்னுடையது. அதாவது சாம்பார் கொதிக்கிற நேரம் எனக்கு. முதல் பந்தியில் இடம் பிடிக்க நம் ஆட்கள் எப்படி எழுந்து போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடையில் உட்கார்ந்த பிறகுதான் அப்பாவைப் பார்த்தேன். கோபிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். என் பட்டிமன்றத்துக்கு அவர் வந்ததே கிடையாது. ஒரு தடவை லோக்கல் டிவியில் நான் மாமியார் மாதிரி முந்தானையை உதறிப் பேசியதைப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவர் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், தூண் ஓரமாக, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அணிக்கு இருவர். முதலில் பேசிய இருவரும் ஒழுங்காகப் பேசி ஒழுங்காக உட்கார்ந்தார்கள். பிறகு வங்கி அதிகாரி எழுந்தார். அடேயப்பா, என்ன பேச்சு. கையில் ஒரு குறிப்பு இல்லை. வருஷ வாரியாக, ஊர் வாரியாக, மேற்கு நாடுகள் செய்ததையெல்லாம் அடுக்கினார். கூட்டம் வரிக்கு வரி தட்டியது. நானே இரண்டு இடத்தில் தலையாட்டிவிட்டேன். முடிக்கும்போது என் பக்கம் திரும்பி, அவருக்கே உரிய மரியாதையோடு சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல இருக்கற சின்ன நாடு பாத்துப் பதனமா இருந்திருக்கோணுமா இல்லீங்களா?"

மண்டபமே தட்டியது. அப்பா மட்டும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்துப் பதனமா இருந்திருக்கோணும். ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்கிற இந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன், அப்பாவைப் பார்த்து ஊர்ப்பெரியவர் ஒருவர் சொன்னார். அன்றைக்கும் அப்பா தரையைத்தான் பார்த்தார்.

எழுந்து மைக் முன் போனேன். முதல் பத்து நிமிஷம் படித்ததைப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், ஆனால் அது பரீட்சைக்குப் படித்த பேச்சு. கீழேயிருந்து சாம்பார் வாசனை ஏறி வந்தது. அப்பளம் பொரிகிற சத்தம்கூடக் கேட்டது. நாற்காலிகள் கரகரத்தன. நடு வரிசையில் இரண்டு பேர் எழுந்து குனிந்தபடி நகர்ந்தார்கள், பின்னால் இன்னும் மூன்று பேர். போச்சு, ஆயுசுக்கும் மாமியார்தான் என்று நினைத்தேன். நடுவர் கை மேஜை மணியின் மேல் போய் உட்கார்ந்தது.

வரைபடச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "ஒரு ரெண்டு ஏக்கர் தோட்டத்தப் பத்திச் சொல்றேனுங்க" என்றேன். தோட்டம் என்றதும் எழுந்தவர்கள் நின்றார்கள். கோபிக்காரர்கள் அல்லவா.

நான் பிளஸ் டூ படித்தபோது நடந்தது இது. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர். கிழக்கே ஒரு பெரிய தோட்டக்காரர், மேற்கே ஒரு பெரிய தோட்டக்காரர். அவர்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. எங்கள் கிணற்றில் தண்ணீர் வற்றியபோது மேற்கத்தியவர் ஒரு யோசனை சொன்னார்: உன் தோட்டத்து வழியாக எனக்குப் பைப் போட விடு, வாரத்தில் இரண்டு நாள் உன் வாழைக்குத் தண்ணீர் விடுகிறேன். அப்பா சரி என்றார். தன் மண், தன் வாழை, தன் முடிவு. கிழக்கத்தியவருக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்குப் பைப் வந்தது, நாளைக்கு அவனே என் எல்லைவரை வந்துவிடுவான் என்று ஒரு காலையில் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வரப்பை உடைத்தார். தார் போடுகிற பருவத்தில் இருந்த வாழையில் நாலு வரிசையைச் சாய்த்தார். உழுத இடம்வரை கல் நட்டு, இதுதான் இனி எல்லை என்றார். நான் இருக்கிறேன் பயப்படாதே என்று வாக்குக் கொடுத்த மேற்கத்தியவர் இரண்டு மூட்டை உரம் அனுப்பிவைத்தார். தன் வரப்பில் நின்று பார்த்தார். இறங்கி வரவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்து நடந்தது. இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது என்று முடித்தார்கள். பெரிய இடங்களுக்கு நடுவில் இருக்கிறவன் பாத்துப் பதனமா இருந்திருக்கோணும் என்றார்கள். எல்லோரையும் சமாதானமாக அனுப்பிவைக்கிற ஆசை. இதையெல்லாம் மைக்கில் சொல்லிவிட்டு, "கடசீல, வாழை போனவரு, வரப்பு போனவரு, அவருதானுங்க மன்னிப்புக் கேட்டாரு" என்றேன்.

சொல்லிவிட்டு ஒரு தப்புச் செய்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம், வாய் தானாக நின்றது. ஒரு வரி முடிந்ததும் கூட்டம் சிரிப்பதற்கு இடம் விட்டு நிற்போமே, அந்த நிறுத்தம். புருவம்கூடக் கொஞ்சம் ஏறியிருக்கும். கூட்டத்துக்கும் பதினெட்டு வருஷப் பழக்கம். நான் நின்றால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

அப்பாவைப் பார்த்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது மேடைக் கோபம் இல்லை. உள்ளங்காலில் இருந்து ஏறியது.

"சிரிங்க" என்றேன். "அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சாங்க. மன்னிப்புக் கேட்டது என்ற அப்பாவுங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. அப்பா பாதி வழியில், நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். அவர் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அதன்பிறகு நான் ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. நேராக வங்கி அதிகாரியைப் பார்த்துப் பேசினேன். காலையிலிருந்து இரண்டு வல்லரசுகளைப் பற்றிப் பேசினோம், யாருக்குப் பயம், யாருக்குக் கௌரவம், யார் கொடுத்த வாக்கு என்று. நடுவில் இருக்கிற அந்த ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று நம்மில் ஒருத்தர் கேட்டோமா? அவர்கள் மண்ணில் அவர்கள் யாரோடு சேர வேண்டும் என்பதற்கு அவர்களுக்கு வாய் இல்லையா? கிழக்கத்தியவருக்குப் பயம் இருந்திருக்கலாம். பயம் இருந்தால் வந்து பேசியிருக்கலாம், டிராக்டர் எதற்கு? மேற்கத்தியவர் யோக்கியர் என்று நான் சொல்லவே இல்லை. ஆசை காட்டினார், வாக்குக் கொடுத்தார், வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். வேறு காலத்தில் வேறு ஆட்களின் வரப்பை அவரும் உடைத்திருக்கிறார். அதற்கெல்லாம் அவர் பதில் சொல்லட்டும். ஆனால் பொறுப்புக்கு ஒரு வரிசை உண்டு. டிராக்டரை ஓட்டியவன் பெயர் முதலில் வரவேண்டும். இரண்டு பேர் மேலும் தப்பு என்று சமமாகப் பங்கு போட்டால், அந்தப் பங்கு முழுக்க வாழை போனவன் தலையில்தான் விழுகிறது. எங்கள் வீட்டில் விழுந்தது.

கடைசியாக நடுவர் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, குன்னத்தூர்கிட்ட எழுதுன தாள் உங்க பையில இருக்குதுங்க. அதை எடுக்காதீங்க."

வணங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தேன். எழுந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். இலை போட்டாச்சு என்று சொல்ல வந்தவராம், சொல்லவே இல்லை. முதலில் ஒருவர் தட்டினார், பிறகு தட்டினார்கள் பாருங்கள், எனக்கு இதுவரை விழுந்த கைதட்டெல்லாம் ஒரு பக்கம் நின்றால் இது ஒன்று ஒரு பக்கம் நிற்கும். வங்கி அதிகாரியும் எழுந்து நின்று தட்டினார்.

நடுவர் மைக்குக்கு வந்தார். பழக்கதோஷம், கை பைக்குப் போனது. தாள் பாதி வெளியே வந்தது. பிறகு விரலால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டார்.

நீளமாகப் பேசவில்லை. மேற்கு நாடுகளுக்கும் இந்தப் போரில் பங்கு உண்டு, எதிர் அணி சொன்னது பொய் இல்லை, ஆனால் படையெடுத்தவனின் பொறுப்புத்தான் முதல் பொறுப்பு, பெரும்பொறுப்பு, அதை யாரோடும் பங்கு போட முடியாது என்றார். வலது கையைத் தூக்கினார். விரல் நெட்டுக்குத்தாக நின்றது. பழைய ரசிகர்கள் சிலர் அவசரப்பட்டுத் தட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். அந்த விரல், பதினெட்டு வருஷமாக நான் பார்த்து வயிறெரிந்த அந்த விரல், மெதுவாக என் பக்கம் சாய்ந்தது. சாய்த்தபடியே, கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த ரெண்டு ஏக்கர்க்காரர் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவரு யாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை."

ஜெயித்துவிட்டேன். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது, ஜெயித்தேன், ஜெயித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் வங்கி அதிகாரி என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அம்மணி என்னை உழுதுபோட்டீங்க என்று சிரித்தார். நான் அவருக்கு என் பங்கு மைசூர்பாகைக் கொடுத்தேன். பல் மருத்துவரும் மச்சானும் பேசிக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள். எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, ரசத்தைக் குடித்துக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்திருந்தார்கள், இந்தத் தடவை முகம் பார்த்து. நடுவர் அடுத்த மாதம் பவானியில் ஒரு பட்டிமன்றம் இருப்பதாகச் சொல்லி, தலைப்பை நீங்களே சொல்லுங்கள் என்றார். மாமியாரைத் தவிர எதுவும் சரி என்றேன்.

அப்பா சாப்பிட்டு முடித்து ஊருக்குக் கிளம்பினார். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். என் தோளில் இருந்த பொன்னாடையின் ஜரிகையைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். வீட்டு விஷயத்தைச் சபையில் அவிழ்த்துவிட்டேனே, கோபமோ என்று எனக்கு உதைப்பு. பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"மைக்குலயே சொல்லிப்போட்டாரல்ல கண்ணு?"

"ஆமாங்கப்பா, மைக்குலயே சொல்லிப்போட்டாருங்க" என்றேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்போது நான் கையசைத்தேன். அவர் கையசைக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு விரலை நெட்டுக்குத்தாக நீட்டினார். பிறகு அதை என் பக்கமாகச் சாய்த்துக் காட்டிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.